இடது கண்ணுக்கு வளைத்த கட்டை

ஜூலை 18, வெள்ளி.

முதலில் ஒரு தவறை எழுதிவிடுகிறேன். கடந்த பதினேழு நாட்களாக இந்த நோட்டில் நான் எழுதிய அளவுகள் எல்லாம் தப்பு.

கண் பரிசோதிக்கிற அட்டையை இருபது அடி தள்ளி மாட்ட வேண்டும். நான் டேப் போட்டு அளக்காமல் எங்கள் குற்றாலத்து வீட்டுக் கூடத்தில் பதித்திருக்கும் தரைக்கற்களை எண்ணினேன். ஒரு கல் ஓர் அடி, இருபது கல் இருபது அடி என்று நானே முடிவு செய்துகொண்டேன். இன்று காலை வேறு காரியத்துக்காகத் தரையில் டேப்பை விரித்தபோதுதான் பார்த்தேன். ஒரு கல் பத்து அங்குலம்தான். இருபது கல் சேர்ந்தாலும் பதினேழு அடிகூட வராது.

அட்டை கிட்டே இருந்தால் யாருக்கும் ஒரு வரி கூடுதலாகப் படிக்க வரும். அந்த ஒரு வரியை நம்பித்தான் இத்தனை நாள் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

பகலில் எனக்குத் தென்காசியில் கிதிர் முகம்மது அண்ணாச்சியின் கண்ணாடிக் கடையில் வேலை. சாயங்காலம் அதே கட்டிடத்தின் மாடியில் கண் பரிசோதனை உதவியாளர் வகுப்பு. வீட்டில் ஒருவரை ஒரு மாதம் தினமும் பரிசோதித்து எழுதி வாருங்கள் என்று வகுப்பெடுக்கும் மெஹர் பானு அக்கா சொன்னார்கள். நான் அண்ணன் ஜோஷ்வாவைத் தேர்ந்தெடுத்தேன். "எனக்கு ஒத்தைக் கண்ணுதான். ஒனக்குப் பாதி வேலை மிச்சம்லா," என்று அவனே சொன்னான்.

வலது கண் போனது சென்ற நவம்பரில். புளியறையில் ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் பைக்கில் வந்துகொண்டிருந்தான். கயிற்றில் மாட்டியிருந்த இரும்புக் கொக்கி தெறித்து வந்து கண்ணில் பட்டது. பார்வை அன்றே போய்விட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: அடிபட்ட கண்ணை எடுத்துவிடலாம். உள்ளே இருந்தால் அபூர்வமாகச் சிலருக்கு அது நல்ல கண்ணையும் கெடுக்கும்.

"அபூர்வம்னுதான சொல்லுதீங்க," என்றாள் அம்மா. "எம்புள்ள முகம் முழுசா இருக்கட்டும்."

அப்போது இலத்தூரில் அண்ணனுக்கு ஒரு பெண் பேசியிருந்தோம். அண்ணன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். "இருக்கட்டும் டாக்டர்," என்றான். அந்தப் பெண் வீட்டார் டிசம்பரில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கண் மட்டும் இருக்கிறது.

அடிபடுவதற்கு முன்னால் அண்ணன் தட்டு சுடுவான். எந்திரம் வீசுகிற ஆரஞ்சுத் தட்டைப் பறக்கும்போதே உடைக்க வேண்டும். கிளப் துப்பாக்கியில் சுட்டு மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தவன். இனி இடது தோளில் வைத்து இடது கண்ணால் சுடப்போகிறேன் என்று ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். கிளப்பில் இருப்பதெல்லாம் வலது தோளுக்குச் செய்தவை. அதனால் அப்பாவின் பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கி பீரோவை விட்டு வெளியே வந்தது. அப்பா அதைத் தோப்பில் பன்றி விரட்ட வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு லைசென்ஸ் அம்மா பேருக்கு மாறியது. அதனால் அம்மா பக்கத்தில் இருந்தால்தான் அண்ணன் அதைத் தொடலாம்.

அதுவும் வலது தோளுக்குச் செய்ததுதான். ஆனால் சொந்தத் துப்பாக்கி என்றால் கட்டையை மாற்றிக்கொள்ளலாம். தோளில் பதிகிற மரக்கட்டை பார்வைக்கு நேராகத் தெரிந்தாலும் நேர் கிடையாது. வலது தோள்காரருக்கு லேசாக வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். அப்போதுதான் கன்னத்தை வைத்ததும் கண் குழலுக்கு நேரே வரும். அதை இடப்பக்கம் வளைக்க வேண்டும். இன்று அதற்கான நாள். துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் தாணுமாலயன் அண்ணாச்சி கட்டையின் நீளத்தைப் போனில் கேட்டார். அதை அளக்கத்தான் டேப்பை எடுத்தேன்.

அளவைச் சொல்லிவிட்டு, நாற்காலியை இருபத்துநாலாவது கல்லுக்கு இழுத்தேன். அது வாசல்படியை ஒட்டி வந்தது.

"என்னட்டி, வீட்ட விட்டே வெளிய தள்ளுத?" என்றான் அண்ணன்.

"அளவு தப்பாப் போச்சுண்ணே. ஒரே ஒரு தடவ படி."

"நீ டாக்டரானா, சின்னப் பிள்ளையா உள்ள வாரவன் பெஞ்சன் வாங்கிட்டுத்தான் வெளிய போவான்."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். முதல் மூன்று வரிகளை விரைவாகச் சொன்னான். நாலாவது வரியில் நின்றான். இரண்டு எழுத்துகளைத் தப்பாகச் சொன்னான். ஐந்தாவது வரியை அவன் தொடவே இல்லை. நேற்றுவரை ஏழு வரியும் படித்தவன்.

"சாரல் மூட்டம். வெளிச்சம் இல்ல," என்றான்.

வெளிச்சம் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். இடது கண்ணில் கருவிழியைச் சுற்றி லேசான சிவப்பு.

"கூசுதா?"

"அருவித் தண்ணி பட்டிருக்கும். கெளம்பு ட்டி, ஆட்டோ வந்துட்டு."

நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முதல் அளவே தப்பு என்றால் இரண்டாவதும் தப்பாக இருக்கலாம் அல்லவா. அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

சீசன் கூட்டத்தில் குற்றாலத்திலிருந்து தென்காசி போக முக்கால் மணி நேரம் ஆனது. அம்மா துப்பாக்கி உறையை மடியில் கிடத்தி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

தாணுமாலயன் அண்ணாச்சி லைசென்ஸ் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். துப்பாக்கியை மடக்கி, இரண்டு குழலும் காலி என்று எங்கள் மூவருக்கும் காட்டினார். பிறகுதான் கழற்றினார்.

"குழல் பக்கமே நான் போவ மாட்டேன் அக்கா. அது பொறந்தபடியே கெடக்கட்டும். கட்டையத்தான் வழிக்குக் கொண்டு வரணும்."

"ஒடைஞ்சிராதுல்லா அண்ணாச்சி?" அம்மா கேட்டாள்.

"கட்டையும் கல்யாணம் கட்டுன ஆம்பளையும் ஒண்ணுதான். சூடு காட்டணும், கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பணும். அவசரப்பட்டாத்தான் ஒடையும்."

"எங்கப்பாவ எங்கம்மா அப்படித்தான் வளைச்சா," என்றான் அண்ணன்.

"போலே," என்றாள் அம்மா. அப்பா இறந்த இந்த மூன்று வருடங்களில் அவரைப் பற்றிய பேச்சுக்கு அவள் சிரித்தது இன்றுதான்.

எவ்வளவு வளைக்க வேண்டும் என்று பார்க்க அண்ணாச்சி ஒரு மரக்குச்சியைக் கொடுத்தார். துப்பாக்கி போலவே செதுக்கிய வெறும் குச்சி. பத்தடி தள்ளி நின்று ஒரு விரலை உயர்த்தினார்.

"தோளுல வச்சு என் வெரல் நுனியப் பாரு."

அண்ணன் வைத்தான். அண்ணாச்சி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தம்பி, வெரல் இங்கன இருக்கு. நீ சுட்டா பக்கத்துக் கட டெய்லருக்குல்லா பட்டுரும்."

அண்ணன் சிரித்தான். குச்சி விரலுக்கு நேரே வந்தது. குரல் வந்த பக்கம் திருப்பினான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றுதான் எழுதுகிறேன்.

கட்டையின் மெலிந்த கழுத்தில் துணியைச் சுற்றி, இடுக்கிச் சட்டத்தில் பூட்டினார். ஸ்டவ்வில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கரண்டி கரண்டியாகத் துணியின் மேல் ஊற்றினார். ஊற்றி, நிறுத்தி, திருகைக் கால் சுற்றுத் திருப்பி, மறுபடி ஊற்றினார். அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான். அவ்வளவு கிட்டே குனிந்து பார்த்தான்.

நான் வெளியே வந்து மெஹர் பானு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நாலாவது வரிக்கா. அதுலயும் ரெண்டு தப்பு. கண்ணு செவந்திருக்கு. கூச்சம் இருக்கும்போலத் தெரியுது."

போனில் குக்கர் விசில் கேட்டது. "எத்தன நாளா ஜெனி?"

"தெரியலக்கா. நான் அளந்ததே தப்பு."

"அத விடு. மத்தக் கண்ணு அடிபட்டது, எடுக்கல, இல்லையா? அப்ப இது நீயும் நானும் அட்டையக் காட்டிப் பேசுற விஷயம் இல்ல. இன்னைக்கு ஓ.பி. முடிஞ்சிருக்கும். நாளைக்குக் காலைல மொத ஆளா டாக்டர் முன்னால உக்காரணும். சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா மிச்சப் பார்வையக் காப்பாத்த வழி இருக்கு. திங்கக்கிழமைன்னு தள்ளிராத, கேட்டியா?"

"சரிக்கா."

"அவன்கிட்ட நீயே சொல்லு. டாக்டர் வாயால மொதல்ல கேக்க வேண்டாம்."

எண்ணெய்ப் புகை ஒத்துக்கொள்ளாமல் அம்மாவும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். டாக்டர் அன்று சொன்னது நடக்கிறதோ என்று பயமாக இருக்கிறது என்றேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்ட்டி," என்றாள்.

தெருவையே பார்த்துக்கொண்டு பேசினாள். "பத்து நாளாப் பாக்கேன். மங்குஸ்தான் பழம் பழுத்திருக்கான்னு முந்தியெல்லாம் நிறத்தப் பாத்து எடுத்துப் போடுவான். இப்பம் ஒவ்வொண்ணா அமுக்கிப் பாக்கான்."

"அப்பம் ஏம்மா சொல்லல?"

"சொன்னா, யாரால வந்துதுன்னு அடுத்த பேச்சு வருமே."

அம்மாவே தொடர்ந்தாள்.

"சாயங்காலம் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போவோம். இன்னைக்கு ஒரு நாளு அவன் நெனச்சபடி சுட்டுட்டு வரட்டும். காலைல ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஒரு பொழுதுதான."

காலை வரை எப்படியும் டாக்டர் இல்லை. அதனால் தலையாட்டினேன். அண்ணனிடம் சொல்லாமல் இருக்கலாம் என்பதற்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டேனா என்று பிறகுதான் யோசித்தேன். அக்கா சொன்னதை நான் செய்யவில்லை.

உள்ளே கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது. இருவரும் எழுந்து ஓடினோம். தாணுமாலயன் அண்ணாச்சி திருகிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்றார். விரல் நகத்தால் கழுத்து முழுக்கத் தடவினார்.

"கீறல் இல்ல. அசைஞ்சிட்டு," என்றார்.

அண்ணன் கண்ணை மூடி மூச்சு விட்டான். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆறுகிறவரை சட்டத்திலேயே கிடக்க வேண்டும் என்றார். அப்பாவின் உயரத்துக்கு இருந்த கட்டையின் நுனியில் முக்கால் அங்குலம் குறைத்து, ரப்பர் வைத்து, நாலரைக்குக் கையில் கொடுத்தார். ஒரு ராத்திரி கிடந்தால் நல்லது என்றும் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. மாதக் கடைசியில் கிளப்பில் தட்டு சுடும் தேர்வு இருக்கிறது, வெள்ளிக்கிழமை மட்டும்தான் பயிற்சி என்றான்.

இலத்தூர்ப் பக்கம் கைவிட்ட ஒரு கல்குவாரியில்தான் கிளப் நடக்கிறது. அங்கே பொறுப்பு சுந்தரபாண்டி அண்ணாச்சி. லைசென்ஸைப் பார்த்து, அம்மாவுக்கு அண்ணனின் பின்னால் இரண்டு எட்டுத் தள்ளி நாற்காலி போட்டுக் கொடுத்தார். வெடிச்சத்தத்துக்குக் காதில் மாட்டிக்கொள்ள ஒன்றையும் கொடுத்தார்.

"ஆச்சி வந்திருக்காங்க. இன்னைக்குத் தட்டெல்லாம் பயந்து தானா ஒடையும்," என்றார்.

"மொதல்ல நீங்க ஆச்சின்னு சொல்லுறத நிறுத்துங்க. எனக்கு இன்னும் பேரப்பிள்ள பொறக்கல," என்றாள் அம்மா.

ஐந்து தட்டு என்று பேச்சு. அண்ணன் இடது தோளில் வைத்தான். கன்னம் கட்டையில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. அது எனக்கே தெரிந்தது. தட்டை வீசச் சொல்லி இங்கிலீஷில் "புல்" என்றான்.

முதல் தட்டு தப்பியது. இரண்டாவதும் தப்பியது. புதுத் தோள் என்று சுந்தரபாண்டி அண்ணாச்சி சொன்னார். மூன்றாவது தட்டு நேராகப் போய்க் கரும்புகையாகச் சிதறியது. அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அண்ணன் திரும்பவில்லை. ஆனால் அவன் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, எவ்வளவு சந்தோஷம் என்று. நாலாவது இடப்பக்கம் பறந்தது. அவன் வெகு நேரம் கழித்துச் சுட்டான்.

ஐந்தாவதுக்கு "புல்" என்றான்.

தட்டு கிளம்பியது. வலப்பக்கம் ஏறி, மலையின் பச்சைக்கு முன்னால் ஆரஞ்சு நிறமாகப் பளிச்சென்று வளைந்து, இறங்கி, புல்லில் விழுந்து உடையாமல் உருண்டது. துப்பாக்கி அசையவில்லை. அவன் நேரே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, விட்டாச்சா?" என்று கேட்டான்.

சுந்தரபாண்டி அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"விட்டாச்சுய்யா," என்றாள் அம்மா. "போயிட்டு."

 அண்ணன் துப்பாக்கியை மடக்கினான். சுடாத தோட்டாவை எடுத்து, திரும்பி வந்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான்.

"கட்ட நல்லா வளைஞ்சிருக்கும்மா. தாணுமாலயன் அண்ணாச்சி மேல ஒரு குத்தமும் இல்ல," என்றான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்யா," என்றாள் அம்மா.

அவன் என் பக்கம் திரும்பினான். "நீ சொன்னியா?"

"அம்மாவுக்கு எனக்கு முந்தியே தெரியும்ணே."

அருகில் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்தான். எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னான். அந்த அட்டை அவனுக்கு மனப்பாடமாம். முதல் வாரத்திலேயே ஏழு வரியும் வந்துவிட்டதாம். இத்தனை நாள் ஒப்பித்திருக்கிறான். "இன்னைக்கு நாற்காலிய வாசல் வரைக்கும் இழுத்துட்டுப் போன பாரு. அதுக்கு மேல ஒன்ன ஏமாத்த மனசு வரல. கண்ணுக்குத் தெரிஞ்சத மட்டும் சொன்னேன்."

"ஏண்ணே இப்படிப் பண்ணுன? இதுல ஒவ்வொரு நாளும் முக்கியம்லா."

"மாசக் கடைசி வரைக்கும் நிக்கும்னு நெனச்சேன். இடது கண்ணால இருபது தட்டு ஒடச்சுட்டேன்னு வச்சுக்க. அன்னைக்கு ஆஸ்பத்திரில அம்மா சொன்னது தப்பில்லன்னு ஆயிரும்லா."

அம்மா தோட்டாவைச் சுந்தரபாண்டி அண்ணாச்சியிடம் கொடுத்தாள். துப்பாக்கியைத் துடைத்து உறைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுக்க அவளால் முடியவில்லை. நான் போய் இழுத்தேன்.

"இந்தத் தடவ டாக்டர் என்ன சொன்னாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன்யா," என்றாள்.

"நீ பேசாம இருந்தா, நீ எங்கன இருக்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் அண்ணன்.

நேரே வீட்டுக்கு வந்தோம். இன்று நான் வேலைக்கும் வகுப்புக்கும் போகவில்லை.

விளக்கேற்றியதும் அம்மா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. "வாயத் தொறக்க மாட்டேன்னு சொன்னேன்லா. அது நடக்காது. அந்தக் கண்ண எடுக்கணுமான்னு டாக்டர் மறுபடி கேட்டா நான் பக்கத்துல இருக்கணும். எடுத்துருங்கன்னு நான்தான் சொல்லணும். இல்லைன்னா எனக்கு ஆறாது."

அரை மணி நேரம் கழித்து அண்ணன் முற்றத்தில் என்னை நிறுத்தினான். கண்ணில் ஈரத்துணியை ஒற்றியபடி பேசினான். "ஏட்டி, ஒரு உதவி. அந்தக் கண்ணப் பத்தி டாக்டர் அம்மா முன்னால கேக்கக் கூடாது. கேட்டா, அன்னைக்கு எடுத்திருக்கலாமேன்னு ஒரு வார்த்த வரும். நீ மொதல்ல உள்ள போயி அவருகிட்டச் சொல்லிரு. அம்மா வெளிய இருக்கட்டும்."

இருவரிடமும் சரி என்று சொல்லியிருக்கிறேன். இரண்டையும் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். எதைச் செய்வது சரி என்று இதை எழுதுகிற இரவு எட்டரை மணி வரைக்கும் தெரியவில்லை.

நவம்பர் மாத ஆஸ்பத்திரி ஃபைலைப் பையில் வைத்துவிட்டேன். நாளை காலை ஐந்து நாற்பதுக்குத் தென்காசியிலிருந்து திருநெல்வேலி பஸ். யார் சொன்னதைச் செய்வதானாலும் டாக்டர் அறைக்குள் நான்தான் முதலில் போக வேண்டும்.